இரண்டு நோட்டுகள்

ஒரு சுரங்கம்; அதற்கு இரண்டு நோட்டுப் புத்தகங்கள். ஒன்று, சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்தால் எடுத்துக் காட்டுவதற்கு. மற்றொன்று, நிர்வாகம் தன் உபயோகத்திற்கு வைத்துக்கொள்வது. எந்த இயந்திரம் பழுது, எங்கே கரித்தூள் மண்டிக் கிடக்கிறது என்ற விவரமெல்லாம் இரண்டாவது நோட்டிலே இருக்கும். அவற்றில் பல, முதல் நோட்டிலே இராது!

கற்பனையல்ல, தோழர்களே! அமெரிக்காவின் மேற்கு வர்ஜினியா மாநிலத்தில், அப்பர் பிக் பிராஞ்ச் என்னும் நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்தது இது. 2010 ஏப்ரல் 5ம் தேதி, பிற்பகல் மூன்று மணி கடந்த சில நிமிஷங்களில் அந்தச் சுரங்கம் வெடித்தது. 29 தொழிலாளர்கள் மாண்டார்கள். மாஸி எனர்ஜி என்ற பெரிய கம்பெனியின் சுரங்கம் அது. அங்கே தொழிற்சங்கம் கிடையாது.

பல ஆண்டு கழிந்த செய்தியை இப்போது ஏன் கிளறுகிறோம் என்று கேட்கலாம். பிட்டர், எலக்ட்ரீஷியன், பெல்ட் மெக்கானிக் என்று இயந்திரத்தோடு மல்லாடும் ஒவ்வொரு தோழரும் படிக்க வேண்டிய பாடம் அதிலே இருக்கிறது. 29 உயிர்களைக் குடித்த அந்த நெருப்பு, தேய்ந்துபோன இரண்டு வெட்டுப்பற்களில் பிறந்தது.

அந்தச் சுரங்கத்தில் சுமார் ஆயிரம் அடி நீளக் கரிச்சுவர். அதன் ஓரமாக ஊர்ந்துபோய்க் கரியைச் சீவித் தள்ளுவது 'ஷியரர்' என்னும் ராட்சத இயந்திரம். அதன் உருளைகளில் கடினமான கார்பைடு முனை வைத்த பற்கள் பதித்திருக்கும். முனை கூராக இருந்தால் பல் வெட்டும்; தேய்ந்தால் தேய்க்கும். கரிக்கு மேலும் கீழும் உள்ள மணற்பாறையில் மழுங்கிய பல் உராய்ந்தால் பாறையிலே தணல்போன்ற சூடு ஏறும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் பல்லுக்குப் பின்னால் நீர் பீய்ச்சும் தூவிகள் வைத்திருக்கிறார்கள். அங்கே ஆற்றுத் தண்ணீரைச் சரியாக வடிகட்டாமலே அனுப்பினார்கள். அழுக்கு அடைத்தது. அடைப்பை எடுக்கக் கழற்றிய தூவிகளில் சில திரும்ப மாட்டப்படவேயில்லை. தெருக்குழாய் ஒன்று உடைந்தால் மற்ற வீட்டுக் குழாய்களில் நீர் சொட்டுவதைப் பார்த்திருக்கிறோமே, அதே கதைதான். திறந்து கிடந்த துளைகள் வழியே தண்ணீர் கொட்டியது. வேண்டிய இடத்தில் அழுத்தம் இல்லை.

அன்று மாலை அங்கே கொஞ்சம் மீத்தேன் வாயு தேங்கியிருந்தது. தீப்பிடித்தது. அது சின்ன நெருப்பு! தண்ணீர் இருந்திருந்தால் அங்கேயே செத்திருக்கும். பாதை நெடுகிலும் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவி வைத்திருந்தாலும், அந்த நெருப்பு கரித்தூளைப் பற்றி ஓடியிருக்காது. அந்தத் தூள் தூவும் இயந்திரமோ பழசு. அடிக்கடி பழுதாகி நிற்பது. அதற்கென்று இருந்தவர்கள் இரண்டே ஆட்கள். அவர்களுக்கும் அது முழுநேர வேலை அல்ல, வேறு வேலைக்கும் இழுத்துக்கொள்வார்கள்.

பல்லை மாற்றவில்லை, தூவியை மாட்டவில்லை, தூள் இயந்திரத்தைப் பழுது பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு ஷிப்டுக்குள் முடிகிற வேலை! ஆனால் இயந்திரம் நின்றால் கரி நிற்கும். கரி நின்றால் லாபம் நிற்கும். கம்பெனித் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் 2005லேயே ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார்: கரி வெட்டுவதைத் தவிர வேறு வேலை செய்யும்படி மேலே உள்ளவர்கள் சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று. சில நாள் கழித்து, 'பாதுகாப்பே முதல்' என்று விளக்கமும் எழுதினார். காகிதத்துக்கா பஞ்சம்!

வெடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் நடந்தது இதைவிடக் கொடுமை. கரி வெட்டும் இயந்திரங்களில் மீத்தேன் அளக்கும் கருவி ஒன்று உண்டு. காற்றில் வாயு 1 சதவிகிதத்தைத் தொட்டால் எச்சரிக்கும். 2 சதவிகிதத்தைத் தொட்டால் மின்சாரத்தையே துண்டித்துவிடும். ஏனெனில் 5 சதவிகிதம் ஆனால் வெடிக்கும். 2010 பிப்ரவரியில் வேறொரு இயந்திரத்தில் இந்தக் கருவி அடிக்கடி இயந்திரத்தை நிறுத்தியது. என்ன செய்தார்கள்? வயரை மாற்றிக் கட்டிக் கருவியின் வாயை அடைத்தார்கள். அப்படிச் செய்யச் சொன்னதை அந்தச் சுரங்கத்தின் சூப்பரின்டென்டென்ட் 2012ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஆனால் வயரைத் தொட்டது யாருடைய கை? ஒரு எலக்ட்ரீஷியனுடைய கை! அவன் மறுத்திருக்கலாமே என்று நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது சுலபம். சங்கம் இல்லாத இடத்தில், ஊரிலே வேறு வேலையும் இல்லாத நிலையில், ஒற்றை ஆள் மறுப்பது எப்படி?

மறுப்பதற்கும் ஒரு கருவி வேண்டும். அதில் ஒன்று பூட்டு. ஆம், சாதாரணப் பூட்டுதான். அமெரிக்கச் சுரங்க விதிகள், மின்சாரத்தை நிறுத்தி, இயந்திரம் நகராதபடி முட்டுக்கொடுத்த பிறகே பழுது பார்க்க வேண்டும் என்கின்றன. நல்ல சுரங்கங்களில் வழக்கம் இன்னும் தெளிவானது. பழுது பார்க்கப் போகும் ஒவ்வொருவனுக்கும் சொந்தப் பூட்டு. அதற்கு ஒரே சாவி. அந்தச் சாவி அவன் சட்டைப் பையில். ஐந்து பேர் பெல்ட்டில் இறங்கினால் மெயின் சுவிட்சில் ஐந்து பூட்டு தொங்கும். கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும் வரையில், போர்மேன் கத்தினாலும் பெல்ட் ஓடாது. ஒரு தொழிலாளி, தன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில், முதலாளியைவிடப் பெரிய அதிகாரம் வகிக்கும் இடம் அது ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

பூட்டினால் மட்டும் போதாது. ஸ்டார்ட் பட்டனை ஒரு தரம் அமுக்கிப் பார்க்க வேண்டும். வேறு சுவிட்சைப் பூட்டிவிட்டு இறங்கி மாண்டவர்களும் உண்டு. சுவிட்ச் அணைந்தாலும் எடை அணைவதில்லை. தூக்கி நிற்கும் வாளி கீழே வரத்தான் பார்க்கும். ஹைட்ராலிக் குழாயில் அழுத்தம் அடைபட்டுக் கிடக்கும். இழுத்துக் கட்டிய பெல்ட், பிணைப்பைக் கழற்றிய நொடியில் சாட்டையாய்ப் பாயும். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவனுக்கு மரக்கட்டை முட்டுக்கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷம் மிச்சம் பிடிக்கும் கெட்டிக்காரத்தனம் நம் தோழர்களிடமும் இருக்கிறது. 'ஓடும்போதே கிரீஸ் வைப்பேன்' என்று மார் தட்டும் மூத்த மேஸ்திரியைப் பார்த்துத்தான் பையன்கள் கற்றுக்கொள்கிறார்கள். இதை நிர்வாகத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

மாஸி கம்பெனி என்ன சொல்லிற்று? பூமிக்கடியிலிருந்து திடீரென வாயு பீறிட்டது, யாரும் தடுத்திருக்க முடியாது என்றது! விசாரணை செய்தவர்கள் ஏற்கவில்லை. தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று 2011ல் அறிக்கை வந்தது. அதிகாரிகளையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. வெடிப்பதற்கு முந்தைய 2009ம் ஆண்டில் மட்டும் அந்தச் சுரங்கத்தின்மேல் ஐந்நூறுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளும் உத்தரவுகளும் எழுதியிருந்தார்கள். எழுதினார்கள், சுரங்கம் ஓடியது. இன்ஸ்பெக்டர் வாசலில் நுழைந்ததுமே காவலாளி ரேடியோவில் உள்ளே சேதி சொல்லிவிடுவான். அதற்குள் உள்ளே எல்லாம் ஒழுங்காகிவிடும்!

பிளாங்கன்ஷிப் மீது வழக்கு நடந்தது. பாதுகாப்பு விதிகளை வேண்டுமென்றே மீறச் சதி செய்தார் என்று 2015 டிசம்பரில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அது சில்லறைக் குற்றம். 2016 ஏப்ரலில் கிடைத்தது ஓராண்டுச் சிறையும் இரண்டரை லட்சம் டாலர் அபராதமும். அதற்கு மேல் சட்டத்தில் இடமில்லை. மேலும் கடுமையான குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுபட்டார். வெளியே வந்து, 2018ல் செனட் சபைக்குப் போட்டியிடக் கட்சி வேட்பாளராகவும் முயன்று, தோற்றார்.

சுரங்கத்திலோ ஆலையிலோ, பாதுகாப்புக் கமிட்டியில் உட்காரும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்தில் விபத்துப் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வராதீர்கள். பழுது பார்க்கும் பகுதியின் தினசரி நோட்டையும் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். தேதியைப் பிடித்து, வரிக்கு வரி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.