நாணயம் சுண்டிய நாடகம்

"கற்பனைக் கதைக்குக் காரணம் கேட்பதா? தீ கக்கும் டிராகன் வானில் பறப்பதை ஒப்புக்கொண்டவர்கள், பாத்திரமொன்று திடீரென மாறுவதை மட்டும் ஒப்புக்கொள்ள மறுப்பதா?" என்று கேள்வியொன்றை வீசிவிட்டு, வாதம் முடிந்தது என மார்தட்டிக்கொள்கின்றனர் சிலர். முடியவில்லை தோழர்களே! வாதம் இங்கேதான் தொடங்குகிறது.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற தொலைக்காட்சி நாடகத்தைக் குறித்தே பேசுகிறோம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதி 1996 முதல் வெளிவரும் நாவல் வரிசையை அடியொற்றி, அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 2011 ஏப்ரல் முதல் 2019 மே வரை ஒளிபரப்பியது. எட்டுப் பருவங்கள், எழுபத்து மூன்று நிகழ்ச்சிகள். இறுதிப் பருவத்தை மீண்டும் எடுத்துத் தருக எனப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அதே ஆண்டில், சிறந்த நாடகத்துக்கான எம்மி விருதும் அதற்கே கிடைத்தது. கையொப்பம் தீர்ப்பாகிவிடாது, விருது விடையாகிவிடாது. நாம் நாடகத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்போம்.

டிராகன் மீது நமக்கு வழக்கு ஏதுமில்லை. கற்பனை உலகைப் படைப்பவனுக்கு மலையைப் பறக்கவிடவும் உரிமையுண்டு. ஆனால், அந்த மலையின் கீழே வாழும் மனிதனுக்குப் பசித்தால் சோறு தேடுவான்; அடித்தால் வலிக்கும்; அவமதித்தால் கொதிப்பான்; அன்பு காட்டினால் கசிவான். இந்த விதியை மாற்றும் உரிமை எந்தக் கற்பனைக்கும் கிடையாது. உலகம் எவ்வளவு புதிதோ, அவ்வளவுக்கு உள்ளம் உண்மையாக இருந்தாக வேண்டும். ஏன் செய்தான் என்ற கேள்விக்கு விடையில்லாத செயல் பாத்திரத்தின் செயலன்று. கயிற்றை இழுப்பவனின் செயல்.

இது இந்த நாடகத்துக்குத் தெரியாததன்று. தியோன் என்பவனைப் பாருங்கள். பகைவர் வீட்டில் பணயமாக வளர்ந்தவன். வளர்த்த வீடும் முழுமையாகத் தனதன்று, பெற்ற வீடும் தனதன்று என்ற தவிப்பு. தந்தையின் மதிப்பைப் பெற, வளர்த்தவர் கோட்டையையே கைப்பற்றுகிறான். தப்பிய சிறுவர்கள் இறந்தனர் எனக் காட்ட, உழவர் வீட்டுப் பிள்ளைகள் இருவரைப் பலியிடுகிறான். பிறகு சித்திரவதை, பெயரையே இழந்த அடிமைநிலை. அங்கிருந்து அணு அணுவாக எழுந்து, தான் துரோகம் செய்த வீட்டின் மகளைக் காப்பாற்றுகிறான். மகனைக் காத்து மடிகிறான். எந்தப் படியும் தாண்டப்படவில்லை. கயவன் மனிதனாவதைக் கண்டோம், நம்பினோம். அதுவன்றோ வளர்ச்சி!

இப்படி எழுதத் தெரிந்தவர்கள், ஜேமியை என்ன செய்தார்கள்? முதல் நிகழ்ச்சியிலேயே சிறுவனொருவனைக் கோபுரத்திலிருந்து தள்ளிய கொடியவன். 2013இல் வந்த மூன்றாம் பருவத்தில், வாளேந்திய கையை இழந்து, பிரியென் என்ற வீராங்கனையிடம் உள்ளத்தைத் திறக்கிறான்: தலைநகரை மக்களோடு எரிக்கத் துணிந்த மன்னனைக் கொன்றதனாலேயே 'அரசனைக் கொன்றவன்' என்ற இழிபெயரைச் சுமப்பதாக. நகர மக்களுக்காகத் தன் பெருமையைத் தொலைத்தவன்! அவனே 2019இல், அந்த மக்களைப் பற்றி என்றுமே பெரிதாகக் கவலைப்பட்டதில்லை என்று சொல்லிவிட்டு, செர்சியிடம் திரும்பிச் செல்கிறான். திரும்பிச் செல்வதில் தவறில்லை. விட்ட மதுவைத் தேடி மீண்டும் நடப்பவரை நாம் கண்டதில்லையா? ஆனால் அவர் தயங்குவார், தடுமாறுவார், தன்னையே சபித்துக்கொள்வார். ஜேமியின் உள்ளத்தில் அந்தப் போர் நடக்கவில்லை. எட்டாண்டு உழைப்பு ஒரே வாக்கியத்தில் அழிக்கப்பட்டது.

இனி டெனேரிஸ். படையொன்றைப் பெற அண்ணனே விற்ற பெண். விற்கப்பட்டவளுக்குத்தானே விற்கப்பட்டோரின் வேதனை தெரியும்! அஸ்டாபோர் நகரில் அடிமைப் படையினரின் விலங்கை உடைத்தாள்; விரும்பினால் போகலாம் என்றாள். மீரின் நகரின் எசமானர்கள் 163 அடிமைக் குழந்தைகளை வழிநெடுக அறைந்து வைத்தபோது, 163 எசமானர்களை அவ்வாறே அறைந்தாள். கொடுமைதான், ஆனால் காரணம் கண்ணெதிரே நின்றது. அது மட்டுமா? அப்படி மாண்டவர்களுள் ஒருவர், குழந்தைகளைக் கொல்லக் கூடாதென வாதாடியவர் என்று அவருடைய மகன் வந்து அவள் முன் நிற்கிறான். 2014இல் நாடகம் ஊன்றிய அருமையான விதை அது! நீதியின் பெயரால் நிகழ்ந்த அநீதியை நீதி கேட்டு வந்தவளே எப்படித் தாங்குவாள்? விடுதலை தந்த கை வாளைக் கீழே வைக்கக் கற்குமா? இயக்கங்களில் இருப்போர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியல்லவா இது?

விதைக்கு நீரூற்றவில்லை. முதல் ஆறு பருவங்களுக்கும் பருவத்துக்குப் பத்து நிகழ்ச்சிகள், ஏழாவதற்கு ஏழு, எட்டாவதற்கு ஆறே ஆறு. மாற்றம் மிகப் பெரிதாகும் இடத்தில் காலம் மிகச் சிறிதாயிற்று. உற்ற தோழி மிசாண்டே விலங்கோடு வெட்டப்படுகிறாள், டிராகனொன்று வீழ்கிறது, காதலன் விலகுகிறான். சினம் பிறக்கும், ஒப்புகிறோம். ஆனால் பகை இருப்பது மாளிகையில்! சரணடைந்ததாக மணி ஒலித்த பின், நெருப்பு பாய்வதோ வீதியில், ஏழை எளியோர் மீது, குழந்தையை அணைத்தோடும் தாய்மார் மீது. ஏன்? விடையில்லை.

விடையில்லாத இடத்தில் வைக்கப்பட்டது என்ன தெரியுமா? குருதி! அவள் குலத்தில் பிள்ளை பிறக்கும்போதெல்லாம் தெய்வங்கள் நாணயம் சுண்டுமாம். ஒரு பக்கம் விழுந்தால் பெருமை, மறுபக்கம் விழுந்தால் பித்து! அவள் தந்தையோ பித்தன். எனவே அவளும் பித்தியானாள் என்பதே குறிப்பு. பிறப்பு குணத்தைத் தீர்மானிக்கும் என்ற இந்தப் பொய் நமக்குப் புதிதா? இன்னார் வயிற்றில் பிறந்தவன் இப்படித்தான் இருப்பான் என்ற இதே பொய்யைக் காட்டியன்றோ இங்கே ஒருவனைக் கோயிலுக்குள்ளும் ஒருவனைச் சேரிக்குள்ளும் வைத்தார்கள்! புராணத்தில் இருந்தால் கண்டிப்போம், பல கோடி செலவிட்ட திரைக்காட்சியில் வந்தால் கைதட்டுவோமா?

இன்னும் கேளுங்கள். இறுதி நிகழ்ச்சியில் மதியூகி டிரியன் கணக்குக் காட்டுகிறான்: முதலில் அடிமை வணிகரைக் கொன்றாள், தீயவர்களென்று பாராட்டினோம், அதனால்தான் ஊரையே எரிக்கத் துணிந்தாளாம்! அடிமை வணிகனை அழித்ததும் அப்பாவி மக்களை எரித்ததும் ஒரே ஏணியின் படிகளாம்! விலங்கு பூட்டியவனையும் உடைத்தவளையும் ஒரே தராசில் நிறுத்தும் இந்த நியாயத்தால் இலாபம் யாருக்கு? எண்ணிப் பாருங்கள்.

பின் பெருமக்கள் கூடுகின்றனர். மன்னனை மக்களே தேர்ந்தெடுக்கட்டுமே என்கிறான் சாம்வெல். சிரிக்கின்றனர்! ஊமையான பொதுமக்கள் ஊமையாகவே இருக்க, பிரபுக்கள் சிலர் பிரானை அரசனாக்குகின்றனர். அடிமை விலங்கொடித்த கதை, பிரபுக்களின் சிரிப்பில் முடிகிறது.

"கதைதானே, இவ்வளவு ஆத்திரம் எதற்கு?" என்பீர்கள். கதையிலிருந்துதான் மனிதன் மாறுவானா என்பதை இளைஞன் கற்கிறான். மாறுவான், காரணம் இருந்தால் மாறுவான், சூழலை மாற்றினால் மாறுவான் என்ற நம்பிக்கையில்தான் சீர்திருத்தம் நிற்கிறது. குணம் குருதியில் எழுதப்பட்டதென்றால், மேடை எதற்கு? ஏடு எதற்கு? படிப்பகம் எதற்கு? சாதி பாராட்டிய தந்தையின் மகன் சாதி மறுத்து மணம் புரிவது எப்படி? தியோனை எழுதிய பேனா அந்த நம்பிக்கைக்கு வலுவூட்டியது. நாணயம் சுண்டிய பேனா அதன் வேரில் வெந்நீர் ஊற்றியது.

நாடகம் பார்க்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பாருங்கள், டிராகன் பறக்கட்டும், பனி பொழியட்டும், கண்ணாரக் களியுங்கள். ஆனால் ஒருவன் நல்லவனாகும்போதும், ஒருத்தி கொடியவளாகும்போதும், "ஏன்?" என்ற கேள்வியைக் கீழே வைத்துவிடாதீர்கள். கோயில் வாசலில் கேட்கக் கற்ற கேள்வி அது. தொலைக்காட்சியின் முன் அதை மறந்துவிடுவதற்காகவா கற்றோம்?