'கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டீங்க?' - வீட்டுக்கே வந்துவிட்ட ரத்த உறைவுத் தடுப்பு ஊசி

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும் தாத்தாவின் மருந்துப் பையிலும், 'ரத்தம் உறையுற தன்மை இருக்கு' என்று டாக்டர் சொன்ன கர்ப்பிணி அக்காவின் அலமாரியிலும் இப்போது அந்தக் குட்டி சிரிஞ்ச் இருக்கிறது. எனோக்ஸாபாரின். ஹெபாரின் குடும்பத்து மருந்து. தினமும் போட்டுவிடுகிற பொறுப்பு பெரும்பாலும் வீட்டில் இருக்கும் இளசுகள் தலையில்தான் விழும்.

'ரத்தத்தை மெலிசாக்குற ஊசி' என்று சொல்கிறோம். உண்மையில் இது ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. உறைவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். வார்ஃபரின் மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், ஹெபாரின் போகாது. கர்ப்பிணிகளுக்கு ஊசியைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். அதற்காக, 'பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குப் போட்டாங்க, எனக்கும் எழுதிக்கொடுங்க' என்று கேட்டு வாங்குகிற மருந்து இல்லை இது.

போடுவது கஷ்டமில்லை. தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, நேராகக் குத்த வேண்டும். ஒருநாள் வலப்பக்கம், மறுநாள் இடப்பக்கம். சிரிஞ்சில் உள்ளது முழுவதும் போட வேண்டிய டோஸ் என்றால், காற்றுக் குமிழை வெளியேற்றக் கூடாது. மருந்தும் சேர்ந்து போய்விடும். போட்ட பிறகு தேய்க்காதீங்க. லேசாகக் கன்றிப்போவது சகஜம்தான்.

ஆபத்து அளவில் இருக்கிறது. 2007-ல் ஹாலிவுட் நடிகர் டென்னிஸ் குவெய்டின் பச்சிளம் இரட்டைக் குழந்தைகளுக்கு, 10 யூனிட் ஹெபாரின் குப்பிக்குப் பதிலாக 10,000 யூனிட் குப்பியிலிருந்து மருந்து போய்விட்டது. குழந்தைகள் பிழைத்தார்கள். லேபிள்கள் ஒன்றுபோல இருந்ததுதான் வினை. பயிற்சி பெற்றவர்களுக்கே இப்படி என்றால், 40 மில்லிகிராமையும் 60 மில்லிகிராமையும் நாம் மாற்றி எடுக்க எவ்வளவு நேரமாகும்? எடைக்கும் சிறுநீரகத்தின் நிலைக்கும் ஏற்ப டாக்டர் கணக்குப் போட்ட அளவு அது. மூட்டு வலிக்குது என்று தாத்தா பழைய டைக்ளோஃபெனாக்கை எடுத்து விழுங்கினால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். மலம் கறுப்பாகப் போனாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்டாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

பலரும் கவனிக்காத இடம், பிரசவ அறை. வலி குறைக்கிற எபிடியூரலோ, சிசேரியனுக்கு முதுகில் போடுகிற மயக்க ஊசியோ... முதலில் மயக்க மருந்து டாக்டர் கேட்பது, 'கடைசி ஊசி எத்தனை மணிக்கு?' குறைந்த டோஸ் என்றால் 12 மணி நேரமாவது, அதிக டோஸ் என்றால் 24 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அவசரப்பட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டி, கால்கள் செயலிழக்கவும்கூடும். வலியில் துடிக்கிற அக்காவுக்கு நேற்று ராத்திரி எட்டு மணியா, பத்து மணியா என்று ஞாபகம் இருக்காது. 'காலையில வலி எடுத்தப்போ போட்டோமா?' என்று அம்மாவும் குழம்புவார். தினமும் ஊசி போட அலாரம் வைக்கிற அதே போனில் போட்ட நேரத்தையும் மில்லிகிராமையும் குறித்துவையுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அந்த போன் அக்காவோடு போகிறவர் கையில் இருக்கட்டும்.