பொதுப்பாதையில் ‘என் பாதி’ எங்கே இருக்கிறது?

அப்பா வாங்கிப் போட்ட ஒரு கிரவுண்டு மனை. 40 அடி முகப்பு, 60 அடி ஆழம், ஆக 2,400 சதுர அடி. அவர் காலத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் பாகப்பிரிவினை நடக்கிறது. மூத்தவருக்கு முன்பக்கம், இளையவருக்குப் பின்பக்கம். பின்வீட்டுக்குப் போய்வர ஓரமாக 8 அடி அகலத்தில் ஒரு பொதுப்பாதை விடுகிறார்கள். பாதையில் ஆளுக்குப் பாதி பாத்தியம் என்று பத்திரத்தில் எழுதிப் பதிவும் செய்துவிடுகிறார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த வாகனங்கள் ஒரு சைக்கிளும் ஒரு டி.வி.எஸ். 50-யும்தான். சில வருடங்கள் கழித்து முன்வீட்டில் கார் வாங்குகிறார்கள். கார் வந்து நிற்கும் இடம் அந்த 8 அடிப் பாதை.

பின்வீட்டுக்காரர் போய்க் கேட்டால் கிடைக்கும் பதில் அம்பத்தூரிலும் மதுரையிலும் கோவையிலும் ஒன்றேதான்: “பாதையில எனக்கும் பாதி இருக்கு. என் பாதியிலதான் நிறுத்தியிருக்கேன்.”

தமிழ்நாட்டு நகரங்களில் இவ்வளவு அழுத்தமாக நம்பப்படும், இவ்வளவு தவறான நம்பிக்கை வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். பொதுப்பாதையில் பங்கு இருந்தால் அங்கே வண்டியை நிறுத்திவைக்கும் உரிமையும் சேர்ந்தே வந்துவிடுகிறது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். சட்டத்தைத் திறப்பதற்கு முன் டேப்பை எடுத்து அளந்து பார்த்தாலே இது நிற்காது. 8 அடி என்பது ஏறத்தாழ 2.44 மீட்டர். அதில் பாதி 1.22 மீட்டர். மாருதி ஸ்விஃப்ட் காரின் அகலம், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே, 1.735 மீட்டர். அதைவிடச் சிறிய ஆல்ட்டோகூட 1.49 மீட்டர். தன் பாதியில் மட்டும் நிற்கக்கூடிய கார் எதையும் அந்த அண்ணன் கடையில் வாங்கவே முடியாது. பாதை 10 அடியாக இருந்தாலும் பாதிக்கு 5 அடிதான். ஸ்விஃப்ட் அதிலும் அடங்காது. ஆகவே “என் பாதியில்” என்று சொல்லும்போதே தம்பியின் பாதியிலும் ஒரு பகுதி காருக்கு அடியில் போய்விடுகிறது.

மிச்சம் இருப்பது எவ்வளவு? காரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும் 70 சென்டிமீட்டர். 14.2 கிலோ எரிவாயு நிரப்பிய சிலிண்டர், இரும்பின் எடையும் சேர்ந்தால் 30 கிலோவை நெருங்கும். அதைத் தோளில் சுமந்து வருபவர் அந்த இடுக்கில் உடம்பைத் திருப்பி, கண்ணாடியில் இடிக்காமல், கதவில் கீறல் விழாமல் பக்கவாட்டில் நகர்ந்து வர வேண்டும். கீறல் விழுந்தால் அடுத்த சண்டை அவரோடு. சக்கர நாற்காலி அந்த வழியில் வராது. பீரோ வராது. பின்வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் 108 வண்டி தெருவிலேயே நிற்கும். ஸ்ட்ரெச்சரையாவது நேராகக் கொண்டுவர முடியுமா என்பது கார் அன்றைக்கு எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பிரிக்கப்படாத பொதுச் சொத்தில் ‘இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு’ என்று கோடு கிடையாது. ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஒவ்வொரு அங்குலத்திலும் உரிமை உண்டு. அதனால்தான் எந்த அங்குலத்தையும் ஒருவர் மட்டும் அடைத்துக்கொள்ள முடியாது. கிராமத்தில் கூட்டுக் கிணறு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிணற்றில் நாலில் ஒரு பாகம் என்று பத்திரத்தில் இருந்தால், முறை வரும்போது இறைத்துக்கொள்ளலாம் என்று பொருள். நாலில் ஒரு பாகக் கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்ட எவரும் வந்ததில்லை. அதே குடும்பம் நகரத்துக்கு வந்து பாதையைப் பங்கிட்டதும் இந்த அறிவை எங்கே விட்டுவிடுகிறது என்பதுதான் புரியவில்லை.

சில இடங்களில் பாதை பொதுவாக இருக்காது. நிலம் முழுக்க முன்வீட்டுக்காரருடையது; பின்வீட்டுக்காரருக்கு அதன் வழியே போய்வரும் பாத்தியம் மட்டும் எழுதப்பட்டிருக்கும். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இந்த உறவைத்தான் முறைப்படுத்துகிறது. இங்கே முன்வீட்டுக்காரரின் வாதம் இன்னும் உரக்க வரும்: “இடமே என்னுது, நிறுத்தக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?” நிலம் அவருடையதுதான். வழிப்பாத்தியத்தைப் பாதிக்காதவரை அவர் அதை எப்படியும் பயன்படுத்தலாம். பாத்தியத்தைத் தடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. தடுத்தால், தடையாணை கோரும் வழியை அதே சட்டத்தின் 35-ஆம் பிரிவு காட்டுகிறது. மறுபக்கமும் இதே நியாயம்தான். வழிப்பாத்தியம் உள்ள பின்வீட்டுக்காரர் அரிசி மூட்டை இறக்கும் நேரம் வண்டியை நிறுத்தலாம். அது பாதையைப் பயன்படுத்துவதில் அடக்கம். ராத்திரி முழுக்க அங்கேயே விட்டுவைப்பது அடங்காது.

அடுத்து வருவது வருடக் கணக்கு. “பத்து வருஷமா இங்கதான் நிறுத்துறேன், அப்பல்லாம் யாரும் கேட்கலையே?” அனுபவ பாத்தியதை வந்துவிட்டது என்று பேச்சில் சொல்லிவிடுவது எளிது. வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கேட்பது 20 ஆண்டுகள்; அதுவும் வெளிப்படையாக, இடையூறின்றி, உரிமையாகவே அனுபவித்த 20 ஆண்டுகள். ‘சரி, அண்ணன்தானே, நிறுத்திக்கட்டும்’ என்று விட்டுக்கொடுத்த அனுமதி எத்தனை வருடம் நீடித்தாலும் உரிமையாகக் கனியாது. தன் சொந்தப் பங்கு இருக்கும் இடத்தின் மேலேயே ஒருவர் வசதியுரிமை கோரவும் முடியாது. அந்த உரிமை பிறர் நிலத்தின் மீது மட்டுமே உண்டாகும். பங்காளிகளுக்குள் 12 ஆண்டு எதிரிடை அனுபவம் பேசுவதும் லேசில் செல்லாது. ஒரு பங்காளியின் சுவாதீனம் எல்லாப் பங்காளிகளுக்குமான சுவாதீனமாகவே கருதப்படும். மற்றவரை வெளிப்படையாக விலக்கிவைத்ததை நிரூபித்தாக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட ஆழமாக வேரோடிய ஒரு பேச்சு இருக்கிறது. “வேணும்னா ஒரு குரல் கொடுங்க, உடனே எடுத்துடறேன்.” கேட்பதற்கு எவ்வளவு தன்மையாக இருக்கிறது! தெருவில் இருக்கும் நாலு பேரும் இதைக் கேட்டுவிட்டு, “அவர்தான் எடுக்கிறேன்னு சொல்றாரே, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க” என்று பின்வீட்டுக்காரரிடம்தான் திரும்புவார்கள். பெரும்பாலான பஞ்சாயத்துகள் தடம் மாறுவது இந்த இடத்தில்தான்.

குரல் கொடுப்பது என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஸ்கூட்டரை எடுக்கும் பெண், பெரியப்பா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். முதல் நாள் தட்டுவாள். இரண்டாம் நாள் உள்ளேயிருந்து, “காலங்காத்தால ஆரம்பிச்சிட்டாங்க” என்று காதில் விழும். மூன்றாம் நாள் முதல் ஸ்கூட்டரை இரவே தெருவில் நிறுத்திவிட்டு வந்துவிடுவாள். இரவுப் பணி முடிந்து ஒரு மணிக்கு வருபவர் ஹாரன் அடித்தால் தெருவே எழுந்துகொள்ளும். அடிக்காவிட்டால் வண்டி உள்ளே வராது. முன்வீட்டில் திருப்பதிக்குப் போனால் சாவியும் திருப்பதிக்குப் போகும். பின்வீட்டுக்காரரின் உரிமை, ஒவ்வொரு முறையும் முன்வீட்டுக்காரரின் மனநிலையைப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டிய தயவாக மாறிவிடுகிறது. தன் வீட்டுக்குப் போக இன்னொருவரிடம் தினமும் அனுமதி கேட்கும் மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிப்போகிறார். விருந்தாளிகளை அழைப்பதை நிறுத்துகிறார். வயதானவர்கள் மாலை நடையை விட்டுவிடுகிறார்கள். வாடகைக்கு இருப்பவர் காலி செய்துகொண்டு போகிறார். வண்டியை எடுப்பதாகச் சொன்னவர் ஒரு முறைகூட மறுக்காமலே இவ்வளவும் நடக்கும். அனுசரிப்பைப் பற்றிப் பேசும் ஊர், அதை எப்போதும் வழி மறிக்கப்பட்டவரிடமே கேட்பது அநியாயம்.

போலீசுக்குப் போனால்? “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்பார்கள். அதைச் சோம்பல் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. ஒருவர் போகும் வழியைத் தடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவின்படி குற்றம்தான். ஆனால் அந்தப் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: தனியார் வழி ஒன்றைத் தடுக்கும் உரிமை தனக்கு உண்டு என்று ஒருவர் நல்லெண்ணத்துடன் நம்பித் தடுத்தால் அது குற்றமாகாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதே விதிவிலக்கு இருந்தது. ‘என் பாதி’ என்ற நம்பிக்கை வெறும் வாய்ச்சண்டைச் சரக்கு அல்ல என்பது இங்கே விளங்கும். காவல் நிலையத்தில் அது கேடயமாக நிற்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்று ஊரறியச் சொல்ல வேண்டியிருப்பதும் இதனால்தான். சண்டை முற்றி அமைதி கெடும் நிலை வந்தால், நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிக் கோட்டாட்சியர் விசாரிக்க முடியும். மற்றபடி உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளைதான் வழி.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இதே நம்பிக்கை வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. அங்கே பாதிக்குப் பதில் ‘யூ.டி.எஸ்.’ என்பார்கள். பிரிக்கப்படாத நிலப் பங்கு 400 சதுர அடி இருக்கிறது, ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் போதும், ஆகவே வண்டிகள் திரும்பும் பாதையில் இரண்டாவது காரையும் விடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். 2010-இல் நஹல்சந்த் லாலுசந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், தூண்தளத்து வாகன நிறுத்தங்களைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது, அவை பொதுப் பகுதியைச் சேர்ந்தவை என்றது. மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு அது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் திறந்தவெளி நிறுத்தங்களை நேரடியாகவே பொதுப் பகுதிப் பட்டியலில் சேர்த்தது. கட்டுநராலேயே விற்க முடியாத இடத்தை முதலில் வந்த கார் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. யாருக்கு எங்கே என்று சங்கம் கூடி முடிவெடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியே தெருவையும் இந்த மனப்பான்மை விடவில்லை. வாசலுக்கு எதிரே மண் மூட்டை, பூந்தொட்டி, ‘நோ பார்க்கிங்’ பலகை. உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, அனுமதியில்லாமல் வைக்கப்பட்ட இவற்றை அகற்றுமாறு 2024-இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை எச்சரித்தது. பிறர் கேட்டை மறித்து வண்டி விடுவது தவறு. தெருவைத் தன் சொத்தாக்கிக்கொள்வதும் தவறு.

நிறுத்தும் உரிமையே எங்கும் கிடையாதா என்று நியாயமாகவே கேட்கலாம். உண்டு. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவிலிருந்து பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போன ஒரு வழக்கில் 2007-இல் தீர்ப்பு வந்தது. செங்குத்தான சரிவின் அடியில் ஒரு வீடு. பக்கத்து நிலத்தின் வழியே வாகனத்தில் போய்வர 1973-இல் பாத்தியம் கொடுத்திருந்தார்கள். நில அமைப்பினால் வாகனம் வீடு வரை இறங்கவே முடியாது. அந்த நிலையில், வழிப்பாத்தியத்தை அனுபவிக்க நிறுத்தும் உரிமையும் தேவை என்று தீர்ப்பானது. அது இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அங்கே என்ன தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்: நிறுத்தாவிட்டால் பாத்தியமே பயனற்றுப்போகும் நிலை. தெருவை ஒட்டிய முன்வீட்டுக்காரருக்கு அந்தத் தேவை எங்கிருந்து வந்தது? 20 அடிப் பாதையில், எல்லோரும் ஒப்புக்கொண்டு, யாரையும் மறிக்காமல் நிறுத்துவதை எவரும் குறை சொல்லப்போவதில்லை. சண்டைகள் நடப்பது 8 அடிப் பாதைகளில்.

முன்வீட்டுக்காரருக்கும் ஒரு கஷ்டம் இருக்கிறது. தவணையில் கார் வாங்கிவிட்டார், நிறுத்த இடமில்லை. இடம் இருக்கிறதா என்று விற்றவரும் கேட்கவில்லை, கடன் கொடுத்தவரும் கேட்கவில்லை. ஜப்பானில் 1962-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருப்பதைக் காவல்துறையிடம் காட்டிச் சான்று பெறாமல், பெரும்பாலான பகுதிகளில் காரைப் பதிவு செய்ய முடியாது. தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும். தூண்தளத்தைக் கடையாகவும் அறையாகவும் அடைத்துவிட்டுக் காரைப் பாதையில் தள்ளும் வீடுகளிலிருந்தே அதைத் தொடங்கலாம். அதுவரை அந்தக் கஷ்டத்தின் செலவு காரை வாங்கியவருடையது. மாத வாடகைக்கு ஒரு காலி மனையையோ ஷெட்டையோ பிடிக்கலாம், கொஞ்சம் நடக்கலாம். பக்கத்து வீட்டின் வழியை அதற்கு ஈடு கேட்கக் கூடாது.

ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் வட்டச் சட்டப்பணிக் குழுவில் மனுக் கொடுத்து, லோக் அதாலத்தில் எழுத்துபூர்வமாகச் சமரசம் செய்துகொள்ளலாம். அந்தத் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் மதிப்பு உண்டு. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. இனிமேல்தான் பாகம் பிரிக்கப்போகிறவர்கள், ‘ஆளுக்குப் பாதி’ என்று எழுதுவதோடு விடாமல், பாதையின் அகலம் எத்தனை அடி, எந்த வாகனமும் அதில் நிறுத்தக் கூடாது, சரக்கு இறக்க எவ்வளவு நேரம் நிற்கலாம், கேட்டின் சாவி யார் யாரிடம் இருக்கும் என்பதையும் பத்திர எழுத்தரிடம் சொல்லி எழுதவைக்க வேண்டும். நாலு வரிதான் கூடும்.