மணிக்கு ஐம்பது டாலர் ஆலோசனை

போன வாரம் கிழக்குத் தாம்பரத்தில் காய்கறிக் கடை வாசலில் பழைய தோழி ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் போலவே முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தொண்டை வறளக் கத்திவிட்டு ஓய்வு பெற்றவள். அடுத்த மாதம் மகனிடம் அமெரிக்கா போகிறாள்.

"சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன்டி. ஆன்லைன்ல ஆறு வாரம் பேரன்டிங் கோச் கோர்ஸ் முடிச்சுட்டேன். அங்க நம்ம பொண்ணுங்க குழந்தையை வெச்சுக்கிட்டுத் திண்டாடறாங்க. மணிக்கு அம்பது டாலர்! நீயும் சேர்ந்துக்கோயேன்."

கடை வாசலில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

விசிட்டர் விசாவில் போய்க் காசு வாங்கி வேலை பார்ப்பது அந்த ஊர்ச் சட்டப்படி தப்பு. அது கிடக்கட்டும். சொல்வதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

"நாம ரெண்டு பிள்ளை வளர்க்கலையா?" என்பீர்கள். நானும் அந்தத் திமிரோடுதான் மகள் பிரசவத்துக்குப் போனேன். நான்கு மாதப் பேத்தி அழுதாள் என்று விரலில் தேனைத் தொட்டு நாக்கில் வைக்கப் போனேன். மகள் என் கையைத் தட்டிவிட்டாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. பிறகு குழந்தை மருத்துவர்தான் விளக்கினார்: தேனில் ஒரு கிருமியின் வித்துகள் இருக்கலாம், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து விஷத்தை உண்டாக்கினால் கை கால் துவண்டு, மூச்சே நின்றுபோகலாம். என் பிள்ளைகளுக்கு நான் தேன் வைத்தேனே என்றால், அது என் அதிர்ஷ்டம். அனுபவம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு தட்டு தட்டினால் சாப்பிடும்" என்பது நம் இன்னொரு மருந்து. சுவீடனில் 1979-லும் நார்வேயில் 1987-லும் பெற்றவர்களே பிள்ளையை அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. கோச்சம்மா சொன்னார் என்றால் அங்கே யார் விடுவார்கள்?

வெளிநாட்டுக்குப் போய்ப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசிய ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்தபோது அவருக்கு வயது 69. 1896-லேயே மருத்துவர். 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கிலேய அரசு மரியோவை முகாமில் அடைத்தது. அந்த அம்மாவின் எழுபதாவது பிறந்த நாளன்றுதான் விட்டது. 1946 வரை இங்கேயே இருந்தார். கொடைக்கானலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, அவர்களை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் குழந்தைகளோடு பழகியவர், அந்த வயதிலும் பார்த்துக்கொண்டிருந்தார்! நமக்கு ஆறு வாரம் போதுமாம்.

நாம் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்திய ரசம் வைக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெற்றவளைத் தூங்க விடலாம். அதற்கு விசிட்டிங் கார்டு வேண்டியதில்லை.

நேற்று அவள் கார்டின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பெயருக்குக் கீழே 'இன்டர்நேஷனல்' என்று தங்க எழுத்து. "நாலு மாசக் குழந்தைக்குத் தேன் கொடுக்கலாமான்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்று போட்டேன்.

உடனே பதில் வந்தது: "சுத்தமான மலைத்தேனா இருந்தா கொஞ்சமா கொடுக்கலாம்டி."