பாரி கண்ட முல்லை

காரைக்குடிக்கு வடமேற்கே, சிங்கம்புணரிக்கு அண்மையில் பிரான்மலை உயர்ந்து நிற்கின்றது. சங்க நூல்கள் கூறும் பறம்புமலை இதுவே என்பர். அம்மலைக்கு உரியவனாகிய வேள் பாரி, பற்றுக்கோடின்றித் தளர்ந்த முல்லைக்கொடிக்குத் தன் தேரை ஈந்தான். சிறுபாணாற்றுப்படை இச்செயலைப் போற்றுகின்றது. பிற்காலத்தார் இதனைக் கொடைமடம் என்றனர்; புகழும் இகழும் கலந்த சொல் அது. ‘ஒரு மூங்கிற்கழி போதாதோ? தேரும் மரத்தை வெட்டிச் செய்ததன்றோ?’ என வினவுவாரும் உளர். அவ்வினாவுக்கு விடை கூறுதல் எளிதன்று.

ஆயினும் பாரி கண்டது வெறுந்தோற்றம் அன்று. வீட்டுக் கொல்லையில் அவரை நட்டு, கொம்பு நாட்டாமல் நோக்குவோர் இதனை அறிவர். கொடியின் நுனி சில மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியில் வட்டமிடும். தண்டின் பக்கங்கள் மாறி மாறி விரைந்து வளர்தலே அதற்குக் காரணம். பற்றுவதற்கு ஒன்று கிட்டும்வரை அத்தேடல் ஓயாது. சார்லசு டார்வின் 1865 இல் இவ்வியக்கத்தை விரிவாக எழுதினார்.

புல்லுக்கும் மரத்துக்கும் ஊற்றுணர்வு ஒன்று உண்டு எனத் தொல்காப்பியம் மரபியலில் வகுத்துள்ளது. வங்கத்து அறிஞர் சகதீச சந்திர போசு, ஊறு செய்தால் செடியினுள் மின்மாற்றம் நிகழ்தலை 1901 இல் இலண்டன் அவையில் கருவிகொண்டு காட்டினார். அன்று ஐயுற்றோர் பலர். 2018 இல் அமெரிக்க, சப்பானிய அறிஞர் கண்டது இன்னும் வியப்புடையது. புழு ஓர் இலையைக் கடித்த சில நிமிடங்களுக்குள் தொலைவிலுள்ள இலைகளுக்கும் குறிப்புச் சென்று, அங்கே காப்பினைத் தூண்டும் பொருள் சுரக்கின்றது. அப்பொருளின் பெயர் சாசுமோனேட்டு. முல்லைக்கு உறவான மல்லிகை வகையொன்றன் நெய்யிலிருந்து முதலில் பிரித்தமையால் வந்த பெயர்.

இதனைக்கொண்டு, செடி மனிதனைப் போல வருந்துகின்றது என்று முடிவு கட்டுதல் பிழை. மூளையும் நரம்பும் அதற்கு இல்லை. நோவு உண்டு என்று எவரும் நிறுவியதில்லை. தொல்காப்பியர் ஓரறிவு என்றாரேயன்றி மனம் என்றாரில்லை. எனினும், மனம் இன்மையால் பரிவுக்கும் உரிமை இல்லை என்பது பொருந்துமா? கேட்கும் வாயில்லாத ஓர் உயிரின் தேவையைப் பாரி கண்ணால் கண்டறிந்தான். அதில் மடமை எங்கே உளது?

இன்றும் சாலையோரப் புளியமரங்களில் விளம்பரப் பலகைக்காக ஆணி அறைகின்றனர். ஆணி, உணவைக் கொண்டுசெல்லும் பட்டையைத் துளைத்து உட்செல்கின்றது. மரம் ஆண்டுதோறும் பருத்து அவ்விடத்தைச் சிறிது சிறிதாக மூடிக்கொள்கின்றது. பல ஆண்டுகள் கழித்து, மரம் அறுப்போரின் இரம்பத்தில் அவ்வாணி தட்டுப்படுவதுண்டு.