கோபுரமும் மலைமுகடும் ஒரே கோட்டில்

படநூல் என்பது சொல்லும் படமும் கதையைப் பாதிப்பாதியாகச் சுமக்கும் வடிவம் என்பதால், எழுத்துக்கூட்டத் தொடங்காத குழந்தையும் அதைத் தன்போக்கில் படித்துவிடுகிறது. பிற பண்பாடுகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த இவ்வடிவத்தை நாடுவோர், நல்ல புத்தகம் குழந்தைக்குத் தன் முகம் காட்டும் கண்ணாடியாகவும் பிறர் வாழ்வைக் காட்டும் சன்னலாகவும் அமைய வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் கூறியதை எடுத்தாள்வர். குமரி மாவட்டத்தில் அந்தச் சன்னல் முதலில் அடுத்த தெருவைப் பார்த்துத் திறக்க வேண்டும்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ 49 விழுக்காட்டினர் இந்துக்கள், 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள், 4 விழுக்காட்டினர் இஸ்லாமியர். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளம் பேசும் வீடுகள் இன்றும் உள்ளன. பேச்சிப்பாறை மலைப்பகுதியில் காணிக்காரப் பழங்குடியினர் குடியிருப்புகள், கடலோரம் நெடுக மீனவர் ஊர்கள், இடையே நாஞ்சில் நாட்டு வயல்கள் என இத்தனையும் 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த நிலத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. எனினும் பக்கத்தில் வாழ்பவரை அறியாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிடக்கூடும் என்பதற்கு 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே வெடித்த கலவரம் ஆறாத சான்று.

இந்த அறியாமையைப் போக்க, வேட்டி, அங்கி, தொப்பி அணிந்த மூன்று சிறுவர் கைகோத்துச் சிரிக்கும் படம் நல்லெண்ணத்தில் வரையப்படுவதே. ஆனால் அச்சிறுவருக்கு உடை இருக்கிறதே தவிர வீடில்லை, பசியில்லை, தொழிலில்லை. பண்டிகையை மட்டும் காட்டும் புத்தகம் அயலாரைக் காட்சிப்பொருளாக்கிவிடுகிறது. இதற்கு மாற்று எங்கிருந்து வரும் என்பதைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் வெளியிட்ட, கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷியாமின் லண்டன் பயண நூல் காட்டுகிறது: லண்டனின் மணிக்கூண்டை, நேரம் அறிவிக்கும் சேவலோடு இணைத்து அவர் தம் மரபின் கோடுகளால் வரைந்தபோது, காலங்காலமாகப் பார்க்கப்பட்டவர் பார்ப்பவரானார். 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஒரே படநூலைத் தமிழ், மலையாளம் உட்படப் பல மொழிகளில் தருகிறது. விளவங்கோடு பகுதியின் குழித்துறைப் பக்கத்து வகுப்பறையில் அவ்விரு பதிப்புகளையும் அருகருகே விரித்துவைக்க எந்தத் தடையும் இல்லை.

குமரிக்கென்று படநூல் எழுதப்படுமானால் அதற்கான காட்சி கடலிலேயே காத்திருக்கிறது. கரையில் நிற்கும் தேவாலயக் கோபுரத்தையும் அதன் பின்னே எழும் மலைமுகட்டையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பார்த்து, மீன் கிடைக்கும் இடத்தை நினைவில் வைப்பது கடலோடிகளின் வழக்கம். விரிந்த இரு பக்கங்களில் வள்ளம், கோபுரம், வயல், மலை ஆகிய நான்கும் அந்த ஒரே பார்வையில் அடங்கிவிடும். தாளைத் திருப்பினால், அதே மலைச்சரிவில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் புறப்படும் பெண்ணும், அவள் கண்ணுக்குக் கோடாகத் தெரியும் கடலும் வர வேண்டும். கரமடியை, அதாவது கரையில் நின்றபடி பலர் கூடி இழுக்கும் பெருவலையை, இழுத்துப் பழகியவர்களிடம் வரைந்த படத்தைக் காட்டித் திருத்திக்கொள்வதும், அவர்கள் சொல்லும் பெயரையே அச்சில் விடுவதும் பதிப்பாளர் பொறுப்பு. மலைப்பக்கத்தைக் காணிக்காரப் பிள்ளைகளே வரையட்டும்.