பொருளியல் எடுக்கட்டும், கணிதத்தை விட்டுவிட வேண்டாம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: எந்த குரூப்? மார்க் இருந்தால் பயாலஜி, குறைந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதுவும் கிடைக்காவிட்டால் "காமர்ஸாவது கொடுங்கள் சார்". இந்த 'ஆவது' வழியாகத்தான் பொருளியல் நம் பிள்ளைகளின் கைக்கு வருகிறது. தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்துவரும் குடும்பங்களிலும் இப்படித்தான் என்பது வேடிக்கை.

பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் நூலைப் புரட்டிப் பார்த்தால் தேசிய வருமானம், பணம், வங்கி, வரி, பட்ஜெட், பன்னாட்டு வணிகம் என்று வருகின்றன. ரூபாய் மதிப்பு சரிந்தால் வளைகுடாவிலிருந்து அத்தா அனுப்பும் பணம் இங்கே ஏன் கூடுகிறது, அதே நேரத்தில் பெட்ரோல் விலை ஏன் மிரட்டுகிறது என்பதெல்லாம் இந்தப் பாடம்தான்.

சிக்கல் நான்காவது பாடத்தில் இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் ஆகிய மூன்றோடு கணினிப் பயன்பாடுகளையோ வணிகக் கணிதத்தையோ எடுக்கலாம். மார்க் எளிதாக வரும் என்று பலரும் கணினிப் பக்கம் போகிறார்கள். அத்தோடு கணிதம் கைநழுவிப் போகிறது. உள்ளூர்க் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் சேர அது தடையில்லை. ஆனால் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஹானர்ஸ் படிப்புக்கு கியூட் தேர்வில் கணிதத் தாள் கட்டாயம். வணிகக் கணிதம் படித்தவர்களை ஏற்பார்களா என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விதிகளிலும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். எங்கே சேர்ந்தாலும் முதுகலைக்குப் போனால் கணிதமும் புள்ளியியலும் எதிரே நிற்கும். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுத அந்த முதுகலைப் பட்டம் வேண்டும்.

நம் சமுதாயத்தின் நிலையைப் புள்ளிவிவரத்தோடு நாட்டின் முன் வைத்தது 2006-ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை. அதன் உறுப்பினர்-செயலராக இருந்த அபூசாலிஹ் ஷரீஃப் ஒரு பொருளியல் அறிஞர். இன்றும் மேடைகளில் நாம் அந்த எண்களைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அடுத்த கணக்கை எடுக்க நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தயாராகிறார்கள்?

ஜமாஅத்துகள் நடத்தும் கல்வி வழிகாட்டி முகாம்களில் டாக்டர், இன்ஜினீயர் பேச்சுக்கு நடுவே இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம். பெற்றோர்கள் பிளஸ் ஒன் விண்ணப்பம் வாங்கும்போதே அந்தப் பள்ளியில் வணிகக் கணிதம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியிலும் விசாரியுங்கள்.